அம்பூரியில் ஆவியாகிப் போகும் காசு

அம்பூரியில் அறையைச் சூடாக்கும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, அகத்தியமலையின் அடிவாரம். ஒரு பக்கம் நெய்யாறு அணையின் நீர்த்தேக்கம், மறுபக்கம் ரப்பர் தோட்டங்களைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்து ஆறுகாணியும் பத்துகாணியும். மார்கழி விடியலில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார். குளிருக்கு அவ்வளவுதான் ஏற்பாடு.

ஆனாலும் இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் வந்து சேரும் எரிசக்தியில் பெரும்பங்கு சூடாகத்தான் செலவாகிறது. குடிக்கிற வெள்ளத்தைக் கொதிக்க வைக்க, குத்தரிசியை வேக வைக்க, மரச்சீனி அவிக்க, குளிக்க, துணி தேய்க்க, ரப்பர் ஷீட்டைப் புகை போட. பல்பும் டிவியும் செல்போனும் சேர்ந்து தின்னும் கரண்டு இதன் முன்னால் கொசுறு. ‘லைட்டை அணை, ஃபேனை அணை’ என்று பிள்ளைகளை அதட்டும் வீட்டில்தான் அடுப்பின் மேல் ஒரு பானை அரை மணி நேரமாகத் தளபுளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். அதை யாரும் அதட்டுவதில்லை.

கேரளத்தில் பச்சைத்தண்ணீர் குடிக்கிற வீடு குறைவு. சீரகமோ சுக்கோ பதிமுகப் பட்டையோ போட்டுக் கொதிக்க வைத்த வெள்ளம்தான் சாப்பாட்டுப் பந்தியிலும் நோயாளியின் தலைமாட்டிலும் இருக்கும். எல்லைக்கு இப்பால் விளவங்கோட்டுப் பக்கத்திலும் பல வீடுகளில் அதே பழக்கம். காலராவையும் மஞ்சள்காமாலையையும் பார்த்துவிட்ட ஊர்களுக்கு இது நல்ல பழக்கம். விட்டுவிடச் சொல்ல மாட்டேன். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்பதில்தான் பேச்சு. நன்றாகக் குமிழியிட்டுக் கொதி வந்தாலே போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. நம் அடுக்களைகளில் பத்து நிமிடம் சாதாரணம்; பேச்சு சுவாரசியமானால் இருபது.

அந்தக் கூடுதல் நிமிடங்களில் என்ன நடக்கிறது? ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 314 கிலோஜூல் சூடு வேண்டும். அதே ஒரு லிட்டரைக் கொதிநிலையிலிருந்து முழுக்க ஆவியாக்க 2,260 கிலோஜூல். ஏழு மடங்குக்கும் மேல். தண்ணீர் கொதித்துவிட்டால் அதன் சூடு அதற்கு மேல் ஏறாது. நீங்கள் கொடுக்கிற தீ எல்லாம் ஆவியாகிக் கூரைக்குப் போகிறது. ஐந்து லிட்டர் வெள்ளத்தைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்கும் குறைவான சூடு போதும். 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் கொதி வந்த பிறகு பத்து நிமிடம் சும்மா விட்டால் கால் யூனிட் போச்சு. தினம் ஒரு தடவை என்றால் மாதத்துக்கு ஏழரை யூனிட். 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை மாதம் முழுக்க, இரவு பகல் அணைக்காமல் எரித்தாலும் ஆறரை யூனிட்டைத் தாண்டாது.

சோற்றுக்கும் இதே கணக்குத்தான். குத்தரிசி வேக நேரமாகும். ஆனால் அரிசி வேகத் தேவையானது சூடு. கொதிப்பின் ஆரவாரம் அல்ல. தொண்ணூறு டிகிரிச் சூட்டில் மூடி வைத்தாலும் அது பாட்டுக்கு வேகும். இந்த எளிய உண்மையைக் கேரளத்து அடுக்களைகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை ஒரு அறிவியல் இயக்கத்துக்கு உண்டு.

பெட்டிக்குள் வேகும் சோறு

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. மலையாளத்தில் அறிவியல் எழுதுகிறவர்களின் சங்கமாகப் பிறந்து, பிறகு ஊர் ஊராகப் போகும் மக்கள் இயக்கமானது. எழுபதுகளின் இறுதியில் சைலன்ட் வேலி காட்டுக்குள் 120 மெகாவாட் நீர்மின் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசை இவர்கள். அணை வேண்டாம் என்கிறவரைப் பார்த்து ‘அப்போ கரண்டுக்கு என்ன வழி?’ என்று கேட்கத்தானே செய்வார்கள். பரிஷத்துக்காரர்கள் அந்தக் கேள்வியை மேடையிலேயே விட்டுவிட்டு வரவில்லை. அடுக்களைக்குள் போனார்கள். புகை வெளியே போகக் குழாய் வைத்த, இரண்டு பாத்திரம் ஏற்றும் ‘பரிஷத் அடுப்பு’ எண்பதுகளில் வந்தது. மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடுதலோதான் பாத்திரத்துக்குப் போகும். மிச்சமெல்லாம் சமைக்கிறவளின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும். புதிய அடுப்பு அந்தப் பங்கை நன்றாகவே கூட்டியது. 1987-இல் பாலக்காட்டு முண்டூரில் பரிஷத் ஏற்படுத்திய ஊரகத் தொழில்நுட்ப மையம் இந்த வேலைகளைத் தொடர்ந்தது. 1996-இல் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது பரிஷத்துக்குக் கிடைத்தது.

அடுப்பைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய சூடாறாப்பெட்டி. உள்ளே தெர்மோகோல் பதித்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். அரிசியும் வெள்ளமும் நன்றாகக் கொதி வந்ததும் ஐந்து பத்து நிமிடம் வைத்திருந்து, பாத்திரத்தை மூடியோடு பெட்டிக்குள் இறக்கி அடைத்துவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிடலாம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் சோறு வெந்திருக்கும். எடுத்துக் கஞ்சி வடித்தால் ஆயிற்று. ஐரோப்பாவில் உலகப் போர்க் காலத்தில் விறகும் நிலக்கரியும் தட்டுப்பட்டபோது வைக்கோல் பெட்டிக்குள் பாத்திரத்தை வைத்து இப்படிச் சமைத்திருக்கிறார்கள். இங்கே அது போர்க்காலச் சிக்கனமாக வராமல், வீட்டுப் பெண்களின் நேரத்தையும் மிச்சம் பிடிக்கும் பொருளாக வந்தது. பானையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பால்வெட்டு முடிந்து திரும்பும்போது சோறு தயார்.

இன்று பனச்சமூட்டிலோ வெள்ளறடையிலோ பாத்திரக் கடையில் ‘ரைஸ் குக்கர்’ கேட்டால், வடக்கே நாம் நினைக்கிற பிளக் மாட்டும் சாதனத்தை எடுத்து வைக்க மாட்டார்கள். எவர்சில்வரில் இரட்டைச் சுவரோடு, வயரே இல்லாத ஒரு பெரிய தூக்குப்பாத்திரம் வரும். அந்தப் பெட்டியின் பேத்திதான் இது. கேரளத்தில் கல்யாணச் சீராகவே போகிறது. தமிழ்நாட்டில் இது பரவாதது ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பிரஷர் குக்கர் முந்திக்கொண்டது ஒரு காரணம். பச்சரிசியும் சன்னமான புழுங்கலும் சீக்கிரம் வெந்துவிடுவது இன்னொன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் குத்தரிசி உண்ணும் வீடுகளில் இதைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சோற்றை அதற்குள்ளேயே ராத்திரி முழுக்க விடக் கூடாது. பாத்திரத்தின் சூடு அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக நின்றால், சோற்றில் வளரும் நுண்ணுயிர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வெந்ததும் வடித்துவிட வேண்டும்.

குளிக்கிற வெந்நீருக்கு வருவோம். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவர மூன்றில் ஒரு யூனிட் போதும். கீசரை 60 டிகிரியில் வைத்துவிட்டு, அதில் பச்சைத்தண்ணீர் கலந்து குளித்து, மிச்சத்தைத் தொட்டியிலேயே ஆறவிடுகிற வீட்டில் இதைப்போல இரண்டு மடங்கு போகும். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கட்டிய வீடுகளில் குளியலறைக்கு ஒரு கீசர் இருக்கிறது. பாதிக்கு மேல் சும்மா சிவப்பு விளக்கு காட்டிக்கொண்டிருக்கும். பிரசவித்த பெண்ணுக்கு இலை போட்டுக் காய்ச்சி ஊற்றும் வேதுக்குளிக்கு மட்டும் இன்றும் பெரிய செம்புப் பானையும் ரப்பர் விறகும்தான். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரப்பர் தோட்டத்து ஊரில் விறகு காசு கொடுத்து வாங்கும் பொருள் அல்ல.

ஒரு ஓடை, இரண்டு பில்

இந்தக் கரண்டுக்கு என்ன விலை என்பது எல்லையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அம்பூரி அப்போது அந்த வட்டத்தில் இருந்தது. 2014-இல் காட்டாக்கடை தனி வட்டமானபோது அதோடு போய்விட்டது. பாறசாலையிலிருந்து அம்பூரி வரை இந்த எல்லை எங்கே ஓடுகிறது என்று பார்த்தால், சில இடங்களில் ஒரு ஓடை, சில இடங்களில் ஒரு கையாலை, சில இடங்களில் ஒரே குடும்பத்தின் இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள இடைவழி. மின்கம்பத்தைப் பார்த்தால்தான் எந்த மாநிலம் என்று தெரியும்.

பில்லைப் பார்த்தாலும் தெரியும். தமிழ்நாட்டு வீட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே முதல் அது எல்லா வீடுகளுக்கும். கேரளத்தில் சாதாரணக் குடும்பத்துக்கு அப்படியொரு சலுகை இல்லை. கீழ்ப்படியில் விலை குறைவு, மேலே போகப் போகக் கூடும். ‘அக்கரைக்காரங்களுக்கு என்ன, கரண்டு சும்மா’ என்று அம்பூரிப் பக்கத்தில் சொல்வது உண்டு. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது அந்தப் பொறாமை இன்னும் கூடியது. பத்துகாணி வீட்டுத் திண்ணையில் சுற்றிய அரசு ஃபேனை அக்காள் வீட்டுக்கு வந்த அம்பூரித் தம்பி எப்படிப் பார்த்திருப்பான் என்பதை ஊகிக்கலாம்.

ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு எண் உண்டு, 500. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாகத்தான் விலை ஏறும். அதைத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த விலை. இரண்டு மாதக் கணக்கில் அது 500. தமிழ்நாட்டிலும் இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த சலுகை விலை போய்விடும். ஆக 490-இல் நிற்கும் வீட்டுக்கும் 510-இல் நிற்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இருபது யூனிட்டின் விலை அல்ல. அதைவிட எவ்வளவோ அதிகம். சிக்கனம் எங்கே பலன் தரும் என்று கேட்டால், இந்த விளிம்பில்தான். மேலே சொன்ன கொதிக்கும் பானையும் சிவப்பு விளக்குக் கீசரும் பெரும்பாலும் அந்த இருபது யூனிட்டைத்தான் தின்கின்றன.

விசிறியும் அதே விளிம்பில் உதவும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட் பக்கம். ஒரு ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட்டுக்குப் பதில் 18 யூனிட். மூன்று ஃபேன் உள்ள வீட்டில் எண்பது யூனிட் மிச்சம். ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை 2023 முதல் கட்டாயம் என்பதால் பார்த்து வாங்கலாம். ஏசி வைத்திருப்பவர்கள் 24 டிகிரிக்குக் கீழே போகாமல், கூடவே ஃபேனையும் போட்டுக்கொள்ளட்டும். ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்க்கட்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது.

கேரளத்தில் நேரமும் காசுதான். மாதம் 250 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு மாலை 6 முதல் இரவு 10 வரை எரிக்கும் கரண்டுக்குக் கால் பங்கு கூடுதல் விலை. பகலில் பத்தில் ஒரு பங்கு குறைவு. கிணற்று மோட்டாரும் வாஷிங் மெஷினும் தேய்ப்புப்பெட்டியும் பகலுக்கு மாறினால் பில்லில் தெரியும். 2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியபோது, ராத்திரி ஏசி போடுகிறவர்களிடம் மாநில மின்வாரியமான கேஎஸ்இபி கெஞ்சாத குறைதான். அம்பூரி அந்த உச்சத்தில் பெரிய பங்குதாரர் அல்ல. ஆனால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகும்போது லைனின் கடைசியில் இருக்கிற ஊருக்குத்தான் முதலில் தெரியும்.

முப்பது மில்லியாம்பியர்

காசு ஒருபுறம் இருக்கட்டும்; கரண்டு உயிரையும் எடுக்கும். கேரளத்து வீடுகளின் பின்பக்கத்தில் ‘வொர்க் ஏரியா’ என்று ஒரு இடம் உண்டு. அடுக்களைக்கு வெளியே, பாதிச் சுவரும் கம்பி வலையுமாக. விறகடுப்பு, மீன் கழுவும் தொட்டி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் அங்கேதான். தரை எப்போதும் ஈரம். சாரல் நேராக உள்ளே வரும். வெறுங்காலோடு ஒரு பெண் ஈரக்கையால் சுவிட்சைப் போடுவாள். வீட்டிலேயே கரண்டுக்கு அஞ்ச வேண்டிய இடம் எதுவென்றால் இதுதான். வரவேற்பறையில் அலங்கார விளக்குக்குச் செலவழிக்கிற காசை இங்கே யாரும் செலவழிப்பதில்லை.

ஃபியூஸோ எம்சிபியோ இருக்கிறதே என்று சொல்வார்கள். அது வயரைக் காப்பதற்கு. மனிதரைக் காப்பதற்கு அல்ல. 6 ஆம்பியர் எம்சிபி விழ வேண்டுமானால் 6,000 மில்லியாம்பியருக்கு மேல் பாய வேண்டும். மனித உடம்புக்குப் பத்துப் பதினைந்து மில்லியாம்பியரிலேயே பிடித்த பிடியை விட முடியாது, தசை இறுகிவிடும். முப்பதைத் தாண்டிச் சில நொடி போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 9 வாட் எல்இடி பல்பு இழுக்கும் மின்னோட்டமே ஏறக்குறைய நாற்பது மில்லியாம்பியர்தான். ஒரு சின்ன பல்பை எரிக்கிற கரண்டு ஆளைக் கொல்லப் போதும். எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்வது ஆர்சிசிபி. ஊரில் இன்னும் பழைய பெயரில் இஎல்சிபி என்றே சொல்கிறார்கள். ஃபேஸில் போன கரண்டு அப்படியே நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்க்கும். வழியில் 30 மில்லியாம்பியர் காணாமல் போனால், யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு நொடியின் சிறு பகுதியில் இணைப்பை அறுத்துவிடும். புது வீடுகளில் இது இருக்கிறது. பிரச்சினை பிறகு வருகிறது. மழைக்காலத்தில் எங்கோ ஒரு ஹோல்டரில் ஈரம் ஏறினாலும் அது விழும். திரும்பத் திரும்ப விழும். ஃப்ரிட்ஜில் வைத்த மீன் நாறும். ‘அண்ணே, இது எப்பளும் விழுது, நேரே குடுத்துருங்க’ என்று வயர்மேனிடம் கேட்பார்கள். அவரும் கொடுத்துவிடுவார். சுவரில் ஆர்சிசிபி அழகாக இருக்கும், கரண்டு அதைச் சுற்றிக்கொண்டு போகும். அடிக்கடி விழுகிறதென்றால் வீட்டில் எங்கோ கசிகிறது என்று பொருள். ஒவ்வொரு எம்சிபியாக இறக்கிப் பார்த்தால் எந்த லைனில் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தியும் பார்க்க வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக்.

வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடைப் பற்றி ஒரே வரி: சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். சூடாகிவிட்டதா என்று கையை விட்டுப் பார்த்துப் போனவர்கள் எத்தனையோ பேர்.

வீட்டுக்கு வெளியே வேறு ஆபத்துகள். மாங்காயும் சக்கையும் பறிக்க அலுமினியத் தோட்டி வந்துவிட்டது. மூங்கில் தோட்டியைவிட லேசு, நீளம், உளுத்துப் போகாது. தோட்டத்துக்கு நடுவே போகும் லைனில் அது பட்டுவிட்டால் பிடித்திருப்பவர் தப்புவது அரிது. கேஎஸ்இபி ஆண்டுதோறும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தோட்டி விற்பவர்கள் விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். நல்லமிளகு பறிக்கும் இரும்பு ஏணிக்கும் இதே கதி. துணி காயப்போடும் கம்பியைச் சர்வீஸ் வயர் வரும் குழாயில் கட்டுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தப்பு.

காட்டுப்பன்றி மரச்சீனியைத் தோண்டுகிறது என்பதற்காக வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பிக்குக் கரண்டு கொடுக்கிறவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் இரக்கம் இல்லை. பன்றியின் நஷ்டம் உண்மை. அரசின் நஷ்டஈடு தாமதமாவதும் உண்மை. ஆனால் 2025 ஜூனில் நிலம்பூர்ப் பக்கம் மீன் பிடிக்கப் போன பதினைந்து வயதுப் பையன் இப்படி ஒரு கம்பியில் சிக்கித்தான் செத்தான். முறையான சோலார் வேலி நொடிக்கு ஒரு தடவை போல ஒரு சிறு துடிப்பை மட்டும் அனுப்பும். சுளீரென்று அடித்துவிட்டு விட்டுவிடும். 230 வோல்ட் லைன் விடாது.

துலாவர்ஷத்தின் பிற்பகல்

அம்பூரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் துலாவர்ஷத்துக்குத்தான் ஊர் அஞ்சும். 2001 நவம்பர் 9 இரவு இங்கே மலை சரிந்து ஏறக்குறைய நாற்பது உயிர்கள் போயின. அந்த மழையும் இந்தப் பருவத்து மழைதான். மண்சரிவு எப்போதோ ஒருமுறை. இடி ஒவ்வொரு ஆண்டும். காலையில் வெயில் பளீரென்று அடிக்கும்; மதியத்துக்கு மேல் மலையில் மேகம் ஏறி, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து மணிக்குள் இடி இறங்கும். பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் எச்சரிக்கைகளும் இந்த நேரத்தைத்தான் குறிப்பிடுகின்றன. கேரளம் இடிமின்னலை மாநிலப் பேரிடராகவே அறிவித்து வைத்திருக்கிறது.

இடி வீட்டின் மேல் விழ வேண்டும் என்றில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி லைனில் விழுந்தாலும் அந்த அலை சர்வீஸ் வயர் வழியாக, கேபிள் டிவி வயர் வழியாக உள்ளே வரும். சுவிட்சை அணைத்தால் போதாதா? சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர். மேகத்திலிருந்து தரை வரை தாண்டி வந்ததற்கு அது ஒரு பொருட்டே அல்ல. பிளக்கைப் பிடுங்க வேண்டும், அதுவும் மேகம் கறுக்கும்போதே; இடி இடித்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பிடுங்குவது ஆபத்து. எர்த்து குழி சரியாக இருக்கிற வீட்டில் சர்ஜ் தடுப்பான் வைத்தால் பலன் உண்டு. எர்த்தே இல்லாமல் அதை மாட்டுவது வீண். செங்கல்பாறை மண்ணில் எர்த்து பிடிப்பது கஷ்டம் என்பதால், பல வீடுகளில் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருக்கிறது. பங்குனி வெயிலில் குழி காய்ந்துவிடும். அந்த மாதம் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே பெரிய வித்தியாசம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்துபோனபோது எல்லையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் லைன் மேல் சாய்ந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் பல இடங்களில் நாள் கணக்கில் இருட்டு. அறுந்து கிடக்கும் வயர் எந்தப் பக்கத்து வயர் என்று தெரியாமல் நிற்கக் கூடாது. கேரளத்துக் கம்பமென்றால் 9496010101, தமிழ்நாட்டுக் கம்பமென்றால் 9498794987. எல்லையோர வீட்டில் இரண்டு எண்ணும் போனில் இருப்பது நல்லது.

புகைப்புரையும் பூட்டிய அறையும்

ரப்பர்ப் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் அழுத்தி, ஷீட்டாக்கிப் புகையில் உலர்த்துவது இங்கே வீட்டுத் தொழில். புகைப்புரையில் நாற்பதிலிருந்து அறுபது டிகிரிச் சூடு, நான்கு நாள் போலத் தொடர்ந்து. சிறு விவசாயி தனியாகப் புரை கட்டாமல் அடுக்களை அடுப்புக்கு மேலே கம்பு கட்டி ஷீட் தொங்கவிடுவார். காய்ந்த ரப்பர் ஷீட் எரியத் தொடங்கினால் அணைக்கவே முடியாது. உருகிச் சொட்டும், சொட்டுகிற இடமெல்லாம் தீ. ஒரு ஷீட் நழுவி அடுப்பில் விழுந்தால் போதும். அடுப்புக்கும் ஷீட்டுக்கும் நடுவே கம்பி வலை விரிப்பது பழைய வழி, இன்றும் சரியான வழி. கேஸ் சிலிண்டரையும் ஆசிட் கேனையும் அதே அறையில் வைப்பது எந்தக் காலத்திலும் சரியல்ல. வெயிலில் முக்கால் பங்கு உலர்த்திவிட்டுக் கடைசியில் மட்டும் புகை போட்டால் விறகும் மிச்சம், தீ எரியும் நாளும் குறைவு. ஆனால் துலாவர்ஷத்தில் வெயிலுக்கு எங்கே போவது?

புகைப்புரைக்குள் யாரும் படுத்து உறங்குவதில்லை. மூடிய இடத்தில் தீ எரிந்தால் மூச்சு முட்டும் என்பது விறகு எரிக்கிற ஊருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் விறகின் புகை கண்ணைக் கரிக்கும். கேஸ் ஹீட்டரிலோ ஜெனரேட்டரிலோ வருகிற கார்பன் மோனாக்ஸைடு எதையும் கரிக்காது. நிறமோ மணமோ இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு சோம்பல், பிறகு உறக்கம்.

2020 ஜனவரி 21 காலையில் நேபாளத்தின் தாமன் மலைப்பகுதியில் ஒரு விடுதி அறையில் கேரளத்துச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் நினைவின்றிக் கிடந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள். ஒருவரும் பிழைக்கவில்லை. ஒரு குடும்பம் கோழிக்கோட்டுப் பக்கம். இன்னொன்று அம்பூரி இருக்கும் இதே திருவனந்தபுரம் மாவட்டம். கடும் குளிருக்கு அறையில் கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது; கதவும் ஜன்னலும் அடைத்திருந்தன. 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்ததற்கும் ஜெனரேட்டரிலிருந்து கசிந்த இதே வாயுதான் காரணம். அறையைச் சூடாக்கிப் பழகாத ஊர்க்காரர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்க வழியே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஊட்டிக்கும் மூணாறுக்கும் போகும்போது கரியடுப்பை அறைக்குள் எடுத்து வைக்கிறவர்களும் நம்மவர்களே.

காரக்கோணம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து செவிலியராக இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போகிறவர்கள் ஏராளம். போனதும் பழைய வாடகை வீடு. சுவரில் கேஸ் பாய்லர், முதல் பனிக்காலம், காற்று வரும் துளையையெல்லாம் அடைக்கத் தோன்றும். அந்தத் துளை எதற்காக வைத்தது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனால் சரியாகிவிடுகிறதென்றால் அது ஜலதோஷம் அல்ல. ஹீட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறிவிட்டு உதவிக்குக் கூப்பிட வேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், கேஸ் பாய்லர் போல எரிபொருள் எரிக்கும் சாதனம் உள்ள வாடகை வீட்டு அறைகளில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வைப்பது வீட்டுக்காரரின் கடமை. சமையல் கேஸ் அடுப்பு மட்டும் இதில் சேராது. அலாரம் இல்லையென்றால் சாவியை வாங்கும் நாளிலேயே கேட்டு வைக்கச் சொல்லலாம். சட்டப்படி அவர் மறுக்க முடியாது.